மொரீசியஸ்: 26 மணி நேரமும் 16 படிக்கட்டும்

ஆணி ஜாஸ்தியாகிப் போனதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல மக்களே. இப்ப வந்திருக்கறதுக்குக் காரணமும் அதே ஆணிதான். ஆறு மாசம் ஜோகன்னஸ்பர்க்ல உக்காந்து பொட்டி தட்டணும்னு டேமேஜர் சொல்லிட்டார். டிக்கெட் மெயில்ல வந்துச்சு. திறந்து பார்த்தா மும்பை - மொரீசியஸ் - ஜோகன்னஸ்பர்க். வியாழக்கிழமை காலை 7 மணிக்கு மொரீசியஸ்ல இறங்கறேன். அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு. நடுவுல 26 மணி நேரம்.

ஆபீஸ்ல டிக்கெட் போடற அம்மணி, "சாரி சார், வேற கனெக்‌ஷன் கிடைக்கல"ன்னாங்க. சாரியா? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டாத ஊர், சுத்திலும் பவளப்பாறை, நடுவுல மலை. அவங்க மன்னிப்புக் கேட்ட நேரத்துல நான் மனசுக்குள்ள டான்ஸ் ஆடிட்டிருந்தேன்.

ரூம் மேட்கிட்ட சொன்னேன். "மச்சி, பீச்சு, இளநி, தூக்கம். பிளான் ஓவர். இதுக்கு மேல யோசிச்சா நீ மனுசனே இல்ல"ன்னான்.

ஊருக்குப் போன் போட்டு அம்மாகிட்ட சொன்னேன். "ஏன்டா, மோரிஸ் பழம்னு விப்பாங்களே, அந்த ஊரா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டு வெச்சுட்டேன். அப்புறம் சும்மா இருக்காம அந்தப் பழத்தைப் பத்தித் தேடிப் பார்த்தேன். சனி அங்கதான் ஆரம்பிச்சது. ஒரு வாரமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்தத் தீவோட சரித்திரத்தைத்தான் படிச்சிட்டிருக்கேன். பீச்சு பிளான் அம்பேல்.

முதல்ல அந்தப் பழக் கதை. இன்னைக்கு உலகச் சந்தையை ஆளற கேவண்டிஷ் வாழை தென் சீனாவுலேர்ந்து வந்தது. சார்லஸ் டெல்ஃபேர்ங்கறவர் மொரீசியஸ்ல அதை வளர்த்து, 1829 வாக்கில் அங்கேர்ந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு பிரபுவோட கண்ணாடித் தோட்டத்துல காய்ச்சு, அவர் குடும்பப் பேரான கேவண்டிஷையே வாங்கிக்கிச்சு. பிறகு அங்கேர்ந்து பசிபிக் தீவுகளுக்குப் போச்சு. ஆக, வாழைப்பழமே மொரீசியஸ்ல ஸ்டாப்ஓவர் போட்டுட்டுத்தான் உலகம் சுத்தியிருக்கு. எங்க அம்மா வரலாறு படிச்சதில்ல. ஆனா கேட்டது சரியான கேள்வி :-)

படிக்கப் படிக்கத்தான் புரிஞ்சுது, அந்தத் தீவுல ஸ்டாப்ஓவர் போடற முதல் ஆள் நான் இல்லைன்னு. அந்தத் தீவோட மொத்த சரித்திரமே ஸ்டாப்ஓவர்தான்.

இறங்கினவன் கொண்டுவந்த எலி

மொரீசியஸ் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு. மடகாஸ்கருக்குக் கிழக்கே, நடுக்கடல்ல. அராபிய மாலுமிகளுக்கும் போர்ச்சுக்கீசியர்களுக்கும் தெரிஞ்ச தீவுதான். ஆனா யாரும் குடியேறல. அங்கே பூர்வகுடின்னு யாருமே கிடையாது. இதை மனசுல வெச்சுக்கோங்க. இந்தக் கதையில வர்ற எல்லாருமே வெளியூர்க்காரங்கதான்.

1598 செப்டம்பர்ல டச்சுக் கப்பல்கள் தீவோட தென்கிழக்கு விரிகுடாவுல வந்து நின்னுச்சு. இன்னைக்கு கிராண்ட் போர்ட்னு சொல்ற இடம். தங்களோட இளவரசர் மாரிஸ் பேரைத் தீவுக்கு வெச்சாங்க. அன்னைக்கு ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுத்திக் கிழக்கே வர்றதுன்னா மாசக்கணக்கு. குடிதண்ணி நாறிடும், ஈறு வீங்கி ஸ்கர்வியில ஆளுங்க சாவாங்க. அந்த நிலைமையில நல்ல தண்ணி, விறகு, கறி மூணும் கிடைக்கற தீவுன்னா அது நெடுஞ்சாலை மோட்டல் மாதிரி. நம்ம தைலாபுரம் பக்கம் பஸ் நிக்குமே, அந்த மாதிரி.

மோட்டல்ல என்ன மெனு? ஆமை, புறா, அப்புறம் டோடோ. பறக்கத் தெரியாத, மனுசனைக் கண்டு பயப்படத் தெரியாத பெரிய பறவை. பயப்பட ஒரு காரணமும் அதுக்கு அதுவரைக்கும் இருந்ததில்ல. தின்னே தீர்த்துட்டாங்கன்னு நாம சாதாரணமா நினைக்கறோம். ஆனா டச்சுக்காரனுக்கு அந்தக் கறி பிடிக்கவே இல்ல, 'குமட்டற பறவை'ங்கற அர்த்தத்துல ஒரு பேரே வெச்சிருந்தான். நிஜமான எமன் கப்பல்லேர்ந்து கூடவே இறங்கின எலி, பன்னி, குரங்கு எல்லாம்தான். டோடோ தரையில முட்டை வைக்கும். கதை முடிஞ்சுது. 1662ல ஒருத்தர் பார்த்ததாச் சொன்னதுதான் ஆராய்ச்சியாளர்கள் பொதுவா ஏத்துக்கற கடைசி சாட்சி. 1598லேர்ந்து கணக்குப் போட்டா 64 வருசம். ஒரு மனுச ஆயுசு.

டச்சுக்காரங்களும் நிலைக்கல. கருங்காலி மரத்தை வெட்டினாங்க, ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் கொண்டுவந்து விட்டாங்க, 1710ல மூட்டை கட்டிட்டாங்க. அவங்க போயிட்டாங்க. கரும்பு போகல. அந்தக் கரும்புதான் பின்னாடி நாலரை லட்சம் பேரைக் கடல் தாண்டி இழுத்துட்டு வந்தது.

மெட்ராஸைப் பிடிச்ச தீவு

1715ல பிரெஞ்சுக்காரன் வந்து 'பிரான்சுத் தீவு'ன்னு பேரை மாத்தினான். 1735ல லா பூர்தொனேன்னு ஒரு கவர்னர் வந்தார். போர்ட் லூயி துறைமுகத்தை நிஜமான துறைமுகமாக்கினது இவர்தான். கப்பல் பட்டறை, ஆஸ்பத்திரி, தண்ணி வர்றதுக்கு வாய்க்கால். இதையெல்லாம் யார் கட்டினது? மடகாஸ்கர்லேர்ந்தும் ஆப்பிரிக்கக் கரையிலேர்ந்தும் பிடிச்சுட்டு வந்த அடிமைகள். கூடவே பாண்டிச்சேரியிலேர்ந்து கூலி பேசிக் கூட்டிட்டு வந்த தச்சர், கொத்தனார், கொல்லர். இந்தியாவிலேர்ந்து அடிமையா வந்தவங்களும் உண்டு. நம்மாளுங்க அங்கே காலடி வெச்சது கரும்புக் காலத்துக்கு நூறு வருசம் முன்னாடியே. அவங்க இருந்த பகுதிக்கு 'மலபார்களின் முகாம்'னு பேரு. தென்னிந்தியன்னா அன்னைக்கு ஐரோப்பியனுக்கு எல்லாருமே மலபார்தான்.

அடுத்தது எனக்கே தெரியாத விஷயம். 1746 செப்டம்பர்ல சென்னை ஜார்ஜ் கோட்டையை பிரெஞ்சுக்காரன் பிடிச்சான்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அந்தக் கப்பற்படையைத் திரட்டி ஓட்டிட்டு வந்தவர் இந்த லா பூர்தொனேதான், இந்தத் தீவிலேர்ந்துதான். கோட்டையை என்ன பண்றதுன்னு அவருக்கும் பாண்டிச்சேரி டூப்ளேவுக்கும் சண்டை முத்தி, பிரான்சுக்குத் திரும்பினவரை பாஸ்டில் சிறையில போட்டுட்டாங்க. பிறகு குற்றமில்லைன்னு விட்டாங்க, ஆனா ரொம்ப நாள் உயிரோட இல்ல. அவர் சிலை இன்னைக்கும் போர்ட் லூயில துறைமுகத்தைப் பார்த்து நிக்குது. மெட்ராஸ்காரன் ஒருத்தன் போய் ஒரு முறை முறைச்சுட்டு வரணும்னு முடிவு பண்ணியிருக்கேன் :-)

ஆறரை வருச ஸ்டாப்ஓவர்

சுவாரசியமான பார்ட்டி இப்பதான் வர்றார். மேத்யூ ஃப்ளிண்டர்ஸ். ஆஸ்திரேலியாவைச் சுத்தி வரைபடம் போட்டவர். அந்தக் கண்டத்துக்கு ஆஸ்திரேலியாங்கற பேரைப் பரப்பினதும் இவர்தான். 1803ல சிட்னியிலேர்ந்து இங்கிலாந்து போக இவருக்குக் கிடைச்சது கம்பர்லாண்ட்னு ஒரு 29 டன் ஓட்டைக் கப்பல். தண்ணி உள்ளே வந்துட்டே இருக்கு, பம்ப் அடிச்சு மாளல. சரி, கொஞ்ச நாள் நின்னு ரிப்பேர் பண்ணிட்டுப் போவோம்னு டிசம்பர்ல இந்தத் தீவுல கரை ஒதுங்கினார்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மறுபடி போர் ஆரம்பிச்சிருந்தது மனுசனுக்குத் தெரியாது. ஆனா கையில பிரெஞ்சு அரசாங்கமே கொடுத்த பாஸ்போர்ட் இருந்தது. பயமில்லைன்னு நினைச்சார். கவர்னர் டெக்கான் அதை வாங்கிப் பார்த்தார். பாஸ்போர்ட் 'இன்வெஸ்டிகேட்டர்'ங்கற கப்பலுக்கு எழுதியிருந்தது. இவர் வந்ததோ கம்பர்லாண்ட்ல. "நீ ஒற்றன்"னு உள்ளே வெச்சுட்டார். நடுவுல டெக்கான் சாப்பிடக் கூப்பிட, கோவத்துல இவர் வரமாட்டேன்னுட்டார். ஈகோ ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு. 1806ல நெப்போலியனே விட்டுடலாம்னு ஒத்துக்கிட்ட பிறகும் டெக்கான் விடல. மனுசன் வெளியே வந்தது 1810 ஜூன்ல. நாலு நாள்னு நினைச்ச ஸ்டாப்ஓவர் ஆறரை வருசம்.

கூடவே ஆஸ்திரேலியாவைச் சுத்தின ட்ரிம்ங்கற அவரோட பூனை இந்தத் தீவுலதான் காணாமப் போச்சு. ஊர் திரும்பின ஃப்ளிண்டர்ஸ் புத்தகத்தை எழுதி முடிச்சார். 1814 ஜூலைல அது வெளிவந்த மறுநாளே செத்துப் போனார், 40 வயசுல. அவர் கல்லறை லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தை ஒட்டித் தொலைஞ்சு கிடந்து, 2019ல தோண்டும்போது கிடைச்சு, 2024லதான் சொந்த ஊர்ல அடக்கம் பண்ணினாங்க. செத்த பிறகும் பாவம் ஸ்டேஷன்லதான் காத்திருந்திருக்கார்.

இதைப் படிச்ச உடனே நான் செஞ்ச முதல் வேலை, டிக்கெட்ல இருக்கற பேரும் பாஸ்போர்ட்ல இருக்கற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு சரிபார்த்தது. இனிஷியலை விரிச்சா அப்பா பேரு, விரிக்கலைன்னா பேரே இல்லைன்னு அலையற தமிழனுக்குத்தான் ஃப்ளிண்டர்ஸோட வலி புரியும்.

ஃப்ளிண்டர்ஸ் போன ரெண்டே மாசத்துல, 1810 ஆகஸ்ட்ல, கிராண்ட் போர்ட்ல பெரிய கடற்சண்டை. பிரெஞ்சுக்காரன் ஜெயிச்சான். பாரீஸ் வெற்றி வளைவுல இந்தப் பேரையும் பொறிச்சு வெச்சிருக்கான். அடிபட்ட ரெண்டு பக்கத்துத் தளபதிகளுக்கும் ஒரே வீட்டுல வைத்தியம் நடந்திருக்கு. அந்த வீடு இன்னைக்கு மாஹேபூர் ஊர்ல மியூசியம். ஆனா டிசம்பர்ல ஆங்கிலேயன் பெரும்படையோட வந்து தீவைப் பிடிச்சுட்டான். மொழி, சட்டம், மதம் எல்லாம் பழையபடியே இருக்கட்டும்னும் ஒத்துக்கிட்டான். அதனாலதான் 150 வருசத்துக்கு மேல இங்கிலீஷ்காரன் ஆண்ட ஊர்ல இன்னைக்கும் ஜனங்க கிரியோலும் பிரெஞ்சும் பேசறாங்க.

1836ல டார்வின் வந்தார். பீகிள் கப்பல் ஊர் திரும்பும் வழியில, ஏப்ரல் 29லேர்ந்து மே 9 வரைக்கும். பத்து நாள். நில அளவைத் துறைத் தலைவர்கிட்ட ஒரு யானை இருந்தது, தீவுலேயே ஒரே யானை. டார்வின் அது மேல ஏறி சவாரி போனார். இவ்வளவு பெரிய மிருகம் சத்தமே போடாம நடக்குதேன்னு ஆச்சரியப்பட்டு எழுதி வெச்சிருக்கார். அதே சமயம் ரோடு போட்டுட்டிருந்த இந்தியர்களையும் பார்த்தார். அவங்க இந்தியாவிலேர்ந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவங்களோட முகக்களையும் கம்பீரமும் அவர் மனசுல நின்னிருக்கு.

டார்வின் யானை மேல போன அந்த வருசம், துறைமுகத்துல இன்னொரு வேலை சத்தமில்லாம நடந்துட்டிருந்தது.

திரும்பும் டிக்கெட்

1835 பிப்ரவரி 1ல மொரீசியஸ்ல அடிமைமுறை சட்டப்படி ஒழிஞ்சுது. சுமார் 66,000 பேர் அடிமைகளா இருந்தவங்க. நஷ்ட ஈடுன்னு பிரிட்டிஷ் அரசாங்கம் 20 லட்சம் பவுண்டுக்கு மேல கொடுத்தது. அடிமையா இருந்தவங்களுக்குன்னு நினைச்சீங்களா? இல்ல. முதலாளிங்களுக்கு, 'சொத்து' போச்சேன்னு.

விடுதலையானவங்க மறுபடி அந்தக் கரும்புக் காட்டுக்குள்ள கால் வைக்க விரும்பல. நியாயம்தானே. கரும்பு வெட்ட ஆள் வேணும். 1834 நவம்பர் 2ல 'அட்லஸ்'ங்கற கப்பல் கல்கத்தாவிலேர்ந்து 36 பேரைக் கொண்டுவந்து இறக்குச்சு. ஐந்து வருச ஒப்பந்தம், மாசம் அஞ்சு ரூபா சம்பளம், தங்க இடம், அரிசி, பருப்பு, திரும்பிப் போகச் செலவு. இதுக்குப் பிரிட்டிஷ்காரன் வெச்ச பேர் 'மாபெரும் சோதனை'. சோதனை அவங்களுக்கு வெற்றி. பிறகு இதே முறை கயானா, டிரினிடாட், நேட்டால், ஃபிஜின்னு பரவுச்சு. எல்லாத்துக்கும் முதல் ஆய்வுக்கூடம் இந்தத் தீவு.

வந்தவங்களை இறக்க 1849லேர்ந்து போர்ட் லூயி துறைமுகத்துல ஒரு குடியேற்றக் கூடம் கட்டினாங்க. 'கூலி காட்'னு பேரு. இன்னைக்கு 'ஆப்ரவாசி காட்'. கப்பல்லேர்ந்து படகுல வந்து 16 படி ஏறணும். மேலே பேர், வயசு, ஊர், சாதி, உயரம், அங்க அடையாளம் எல்லாம் எழுதி ஒரு நம்பர் போடுவாங்க. ஓரிரு நாள் அங்கேயே தங்கல். அப்புறம் எந்தத் தோட்டத்துக்குன்னு பிரிச்சு அனுப்புவாங்க. சுமார் நாலரை லட்சம் பேர் இப்படி இந்தத் தீவுக்கு வந்திருக்காங்க. கல்கத்தா வழியா வந்தவங்கதான் அதிகம், அடுத்தது மெட்ராஸ். அந்த மெட்ராஸ் கணக்குல தமிழும் தெலுங்கும் கலந்து வரும்.

இனி கணக்கைப் பாருங்க. ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா ரெண்டு நாள் சம்பளம் கட். இதுக்கு 'டபுள் கட்'னே பேர். 1850களோட ஆரம்பத்துல, ஒப்பந்தம் முடிஞ்சா இலவசமாத் திரும்பலாங்கற உரிமையையே எடுத்துட்டாங்க. 1867ல வந்த சட்டப்படி ஒப்பந்தம் முடிச்ச பழைய ஆளுங்க போட்டோ ஒட்டின சீட்டைக் கையில வெச்சிருக்கணும். அது இல்லாம ரோட்டுல மாட்டினா 'வேலையில்லாம சுத்தறான்'னு ஜெயில். ஆயிரக்கணக்கில பிடிச்சாங்க. 1871ல தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு பெரிய மனுவை தே ப்ளேவிட்ஸ்ங்கற ஐரோப்பியர் ஒருத்தர் முன்னின்று கொடுக்க, தோட்ட முதலாளிங்க அவரைத் தீவை விட்டே துரத்தணும்னு கத்தினாங்க. அதுக்கப்புறம் லண்டன்லேர்ந்து விசாரணைக் கமிஷன் வந்து, குறைகளெல்லாம் நிஜம்தான்னு 1875ல அறிக்கை கொடுத்தது.

எல்லாரும் ஏமாந்து வந்தவங்கன்னு ஒரே வரியில முடிக்கவும் முடியாது. பஞ்சத்துக்கும் கடனுக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்தவங்க உண்டு. ஊருக்குப் போயிட்டு மறுபடி கப்பலேறி வந்தவங்களும் உண்டு. பின்னாடி பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தப்போ, சேர்த்து வெச்ச காசுல நிலம் வாங்கினவங்க இருக்காங்க. ஆனா ஒண்ணு. வந்தவங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்குதான் ஊர் திரும்பினது. மிச்சப் பேருக்கு அஞ்சு வருச ஸ்டாப்ஓவர் ஆயுசுக்கும் ஆச்சு, பேரன் பேத்திகளுக்கும் ஆச்சு.

இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் வெக்கமாப் போச்சுன்னு சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில எனக்கு ரெண்டு வருச பாண்ட். அதுலேர்ந்தே நாங்க எங்களை 'ஹைடெக் கூலி', 'கொத்தடிமை'ன்னு சொல்லிச் சிரிச்சுக்கறது வழக்கம். இந்தப் பதிவுக்கே முதல்ல 'ஆன்சைட் கூலி'ன்னுதான் தலைப்பு யோசிச்சேன். என் கழுத்துலயும் போட்டோ ஒட்டின அட்டை தொங்குது, அது இல்லாம வாசல்ல விடமாட்டாங்க, நிஜம்தான். ஆனா எங்கிட்ட திரும்பற டிக்கெட் இருக்கு. பிடிக்கலைன்னா பேப்பர் போட்டுட்டுப் போயிடலாம், யாரும் ஜெயில்ல போடமாட்டாங்க. அவங்க பட்டதை நாம தமாசுக்குக் கடன் வாங்கறது தப்புன்னு தோணுச்சு. தலைப்பை மாத்திட்டேன்.

கப்பல் நிக்காத ஊர்

1860களோட கடைசியில தீவுக்கு ரெண்டு அடி விழுந்தது. 1866-68ல மலேரியா வந்து பல்லாயிரம் பேர் செத்தாங்க. வசதியானவங்க போர்ட் லூயிய விட்டு மேட்டுப்பகுதிக்குக் குடி போனாங்க. 1869ல சூயஸ் கால்வாய் திறந்தாச்சு. ஐரோப்பாவிலேர்ந்து இந்தியா போற கப்பலுக்கு இனி ஆப்பிரிக்காவைச் சுத்த வேண்டிய அவசியமே இல்ல. பைபாஸ் ரோடு போட்ட பிறகு பழைய ரோட்டு டீக்கடை என்னாகும்? அதேதான். மிஞ்சினது கரும்பு மட்டும்.

அப்படி நின்னு போன ஒரு கப்பல்ல ஒருத்தர் வந்தார். 1901 அக்டோபர் கடைசியில, தென்னாப்பிரிக்காவிலேர்ந்து பம்பாய் போற கப்பல் போர்ட் லூயில நின்னுச்சு. அது கிளம்ப மூணு வாரம் ஆகும் போல. 32 வயசு வக்கீல் ஒருத்தர் கரையில இறங்கிச் சுத்திப் பார்த்தார். காந்தி. ஒரு ராத்திரி கவர்னர் வீட்டு விருந்தாளி. மத்த நாள்ல தன் ஜனங்களைப் பார்த்துப் பேசினார். பசங்களைப் படிக்க வைங்க, அரசியலுக்கு வாங்கன்னு சொல்லிட்டுக் கப்பலேறிட்டார். ஆனா மறக்கல. 1907ல மணிலால் டாக்டர்ங்கற வக்கீல் காந்தி சொல்லி அங்கே போய், தோட்டத் தொழிலாளிகளுக்காகக் கோர்ட்டுல வாதாடினார், பத்திரிகை நடத்தினார்.

நாடு விடுதலை அடைஞ்சது 1968ல. தேதி மார்ச் 12. காந்தி தண்டிக்கு நடக்கக் கிளம்பின அதே தேதி. முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். அவர் அப்பா பீகார்லேர்ந்து ஒப்பந்தக் கூலியா வந்தவர். வியாழக்கிழமை காலையில என் விமானம் இறங்கப் போற விமான நிலையத்துக்கு அந்த மகன் பேர்தான்.

நம்மாளுங்க? தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசாங்க விடுமுறை. ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு, தமிழ் எண்ணும் இருக்கு. 1998ல புது நோட்டு அடிச்சப்போ தமிழை இந்திக்குக் கீழே இறக்கிட்டாங்கன்னு பெரிய போராட்டம் நடந்து, நோட்டைத் திரும்ப வாங்கிட்டு மறுபடி தமிழை மேலே வெச்சு அடிச்சாங்க. இதுல விசேஷம் என்னன்னா, போராடினவங்கள்ல நிறைய பேருக்கு வீட்டுல பேசற மொழி கிரியோல். தமிழ் கோயில்ல, பள்ளிக்கூடத்துல, பேர்ல, அந்த நோட்டுல. அவ்வளவுதான் மிச்சம். அதனாலதான் விடலையோ என்னவோ.

சரி, பிளான்

வியாழன் காலை 7: இறங்கல். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னாடி திருப்பணும்.

காலை 9: விமான நிலையத்துக்குப் பக்கத்துலேயே மாஹேபூர். ரெண்டு தளபதிகளும் படுத்துக் கிடந்த அந்த மியூசியம். அப்படியே டச்சுக்காரன் இறங்கின விரிகுடாவை ஒரு பார்வை.

மதியம்: டாக்சி பிடிச்சு போர்ட் லூயி. தீவோட இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு ஒரு மணி நேரம்தான். தெருவோரத்துல தால் பூரி, நம்ம பருப்பு வடைக்கு அங்கே வெச்சிருக்கற பிரெஞ்சுப் பேரான 'காத்தோ பிமான்'. சாப்பாடு பட்ஜெட் இவ்வளவுதான்.

மதியம் ஒன்றரை: ஆப்ரவாசி காட். 2006லேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பெரிசா ஒண்ணும் இருக்காதாம். கொஞ்சம் சுவர், கொஞ்சம் அறை, அந்த 16 படி. இதுக்கு நான் ஒதுக்கியிருக்கறது ஒன்றரை மணி நேரம்.

மூணு மணிக்கு மேல: டோடோ எலும்புக்கூடு இருக்கற மியூசியம். லா பூர்தொனே சிலைக்கு முறைப்பு.

சாயங்காலம்: மாஹேபூருக்கே திரும்பித் தங்கல், காலையில 6 மணிக்கெல்லாம் ஏர்போர்ட்ல இருக்கணும். கடற்கரைக்குப் போய்ச் சேர்றப்போ இருட்டியிருக்கும். பரவாயில்ல, காலை நனைச்சுட்டுப் படுத்துடுவேன். ரூம் மேட்கிட்ட பீச்சு போனேன்னு சொல்லிக்கலாம்.

போக முடியாத இடம் ரெண்டு. தென்மேற்கு மூலையில லெ மோர்ன் மலை. தப்பி ஓடின அடிமைகள் ஒளிஞ்சிருந்த இடம். விடுதலைச் செய்தி சொல்ல வந்த போலீஸைப் பார்த்து, பிடிக்கத்தான் வர்றாங்கன்னு பயந்து மேலேர்ந்து குதிச்சாங்கன்னு அந்த ஊர்ல வழிவழியாச் சொல்ற கதை. இன்னொண்ணு மோக்காவுல இருக்கற மகாத்மா காந்தி நிறுவனம். 16 படி ஏறினவங்களைப் பத்தி எழுதின பதிவேடுகள் அங்கேதான் இருக்கு. கொள்ளுத்தாத்தாவோட நம்பரைச் சொல்லி, எந்த ஊர்லேர்ந்து வந்தார்னு தேடி இன்னைக்கும் ஆட்கள் வர்றாங்களாம். அங்கே போனா என்னால ஒன்றரை மணி நேரத்துல எழுந்து வர முடியாது.

நேத்து அம்மாகிட்ட மறுபடி பேசினேன். மோரிஸ் பழக் கதையையும் படிக்கட்டுக் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அத்தனை பேர்ல நம்ம பக்கத்து ஆளுங்க பேரும் இருக்குமாடா?"ன்னாங்க. "இருக்கும்மா, மெட்ராஸ்லேர்ந்து நிறைய கப்பல் போயிருக்கு"ன்னேன். "அப்ப வெறுங்கையோட போகாத. அந்தப் படியில ஒரு முழம் பூவாவது வெச்சுட்டு வா"ன்னாங்க.

அதையும் பிளான்ல சேர்த்துட்டேன். போர்ட் லூயி மார்க்கெட்டுல பூ எங்கே கிடைக்கும்னு, போயிட்டு வந்த மக்கள் யாராவது பின்னூட்டத்துல சொன்னா புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு ஹனிமூன் டிப்ஸ் தேடி வந்தவங்க மன்னிக்கவும். ஃப்ளிண்டர்ஸ் நிலைமை எனக்கு வராம இருந்தா அடுத்த பதிவு ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து.